பிள்ளை மடுவத்துக்கு யார் தலைவர்?

(கொழும்பில் தொழில் செய்யும் தோட்டக் குடும்பங்கள் ஞாயிறு மாலை கொட்டாஞ்சேனையில் கூடியபோது, தோட்டப் பாடசாலை ஆசிரியையும் எமது சங்கத்தின் அமைப்பாளருமான சகோதரி ஒருவர் ஆற்றிய உரை.)



கிழமையில் கிடைக்கிற ஒரேயொரு ஓய்வு நாளில் வந்திருக்கிறீர்கள். செட்டியார் தெருக் கடைகளில் நிற்கிறவர்கள் இருக்கிறீர்கள். வெள்ளவத்தையில் வீட்டு வேலை செய்கிற அக்காமார் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு பெரியது: "முன்பிள்ளைப் பருவக் கல்வியின் தரத்தை உயர்த்துவதில் தலைமைத்துவம்." தோட்டத்துப் பாஷையில் இதை ஒரே கேள்வியாகக் கேட்கலாம். பிள்ளை மடுவத்துக்கு யார் தலைவர்?

தோட்டத்துக்குப் பெரிய துரை இருக்கிறார். மலைக்குக் கங்காணி இருக்கிறார். சங்கத்துக்குத் தோட்டத் தலைவர் இருக்கிறார், மாதர் சங்கத் தலைவி இருக்கிறார். கோயிலுக்கும் ஒரு கமிட்டி இருக்கிறது. ஆனால் காலையில் பெரட்டுக்குப் போகும் முன் நம் உயிரையே ஒப்படைத்துவிட்டுப் போகிற இடத்துக்கு யார் தலைவர் என்று கேட்டால் நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம்.

பிள்ளை மடுவம் என்போம், பிள்ளைக் காம்பரா என்போம். இப்போது பலகையில் "சிறுவர் அபிவிருத்தி நிலையம்" என்று எழுதியிருக்கிறார்கள். உள்ளே இருக்கிறவரை முன்பு ஆயம்மா என்றோம், இப்போது சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்கிறோம். பெயர் மாறியது நல்லதுதான். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற இடம் பிள்ளையை வளர்க்கிற இடமாக வேண்டும் என்பது அந்தப் புதுப் பெயரின் அர்த்தம். பெயருக்கேற்ற மாதிரி உள்ளே நடப்பதும் மாறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நான் முதலாம் ஆண்டு வகுப்பு எடுக்கிறவள். ஜனவரியில் புதுப் பிள்ளைகள் வருவார்கள். முதல் கிழமையிலேயே ஒரு வித்தியாசம் தெரியும். சில பிள்ளைகள் பெயரைக் கேட்டால் சொல்வார்கள், நிறப் பென்சிலைச் சரியாகப் பிடிப்பார்கள், கதை சொன்னால் "அப்புறம்?" என்று கேட்பார்கள். சில பிள்ளைகள் சுவரோடு ஒட்டி நிற்பார்கள். பேச்சு வராதவர்கள் அல்ல. அதுவரை அவர்களிடம் யாரும் கேள்வி கேட்டுப் பதிலுக்காகக் காத்திருந்ததில்லை. இரண்டு கூட்டமும் ஒரே லயத்திலிருந்து வருகிறவர்கள்தான், பெற்றோரின் சம்பளமும் ஒன்றுதான். பெரும்பாலும் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தால், எந்த டிவிசன் மடுவத்திலிருந்து வந்தார்கள் என்பதில் போய் நிற்கும். ஐந்து வயதில் சுவரோடு ஒட்டி நிற்கிற பிள்ளையை முன்னுக்குக் கொண்டுவர எனக்கு இரண்டு வருஷம் பிடிக்கிறது. அதற்குள் மற்றவர்கள் வாசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

உடம்புக் கணக்கும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு நாடு முழுக்க எடுத்த குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் 100க்கு 17 பேர். தோட்டத்தில் 100க்கு 32 பேர், அதாவது மூன்றில் ஒரு பிள்ளை. நம் பிள்ளைகள் பிறவியிலேயே குட்டையானவர்கள் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நம்பாதீர்கள். கர்ப்பத்தில் தாய்க்குக் கிடைத்த சாப்பாடும், முதல் இரண்டு வருஷத்தில் பிள்ளைக்குக் கிடைத்த சாப்பாடும், சுத்தமான தண்ணீரும், அடிக்கடி வரும் வயிற்றோட்டமும் சேர்ந்துதான் அந்த உயரத்தைத் தீர்மானிக்கின்றன.

ஜமைக்கா என்ற தீவில் நடந்த ஒரு ஆய்வைச் சொல்கிறேன். அதுவும் ஒரு காலத்தில் வெள்ளைக்காரனின் கரும்புத் தோட்டமாக இருந்த நாடு. 1980களின் நடுவில் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில், உயரம் குறைந்த 129 குழந்தைகளைத் தெரிவு செய்தார்கள். சிலருக்குப் பால்மா கொடுத்தார்கள். சிலரின் வீட்டுக்குக் கிழமைக்கு ஒருமுறை சுகாதார ஊழியப் பெண் ஒருவர் போய், ஒரு மணி நேரம் தாயோடும் பிள்ளையோடும் இருந்தார். வீட்டிலிருக்கும் பழைய பொருட்களில் விளையாட்டுச் சாமான் செய்து, பிள்ளையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். இரண்டு வருஷம் இதுதான் வேலை. இருபது வருஷம் கழித்து அதே பிள்ளைகளைத் தேடிப் போய்ப் பார்த்தார்கள். விளையாட்டும் பேச்சும் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிட 25 வீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். பால்மா மட்டும் கிடைத்தவர்களிடம் அந்த நீண்டகாலப் பலன் காணப்படவில்லை. சாப்பாடு வேண்டாம் என்பதல்ல இதன் அர்த்தம். திரிபோஷா பக்கெட்டோடு கடமை முடிந்துவிடாது என்பதுதான். பிள்ளையோடு பேசுகிற ஒரு மனுஷி வேண்டும். அவருக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுக்கவும், கிழமை தவறாமல் பின்னால் நிற்கவும் ஆள் வேண்டும். தலைமைத்துவம் என்று நான் சொல்வது இதைத்தான்.

வெள்ளவத்தையில் இருக்கிறவர்களுக்கு "மொண்டிசோரி" என்ற பலகை பழக்கப்பட்டது. வான் வந்து ஏற்றிப் போகும், மாதக் கட்டணம் கட்டவேண்டும். பணக்காரப் பிள்ளைகளின் படிப்பு என்று நினைத்திருப்பீர்கள். அது தொடங்கிய கதையே வேறு. 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி, ரோமாபுரியில் சான் லொரென்சோ என்ற தொழிலாளர் குடியிருப்பில், மரியா மொண்டிசோரி என்ற பெண் வைத்தியர் தன் முதல் பிள்ளைகள் இல்லத்தைத் திறந்தார். தாயும் தகப்பனும் வேலைக்குப் போனதும் பிள்ளைகள் மாடிப்படியிலும் முற்றத்திலும் தனியே அலைந்தார்கள், சுவரைப் பாழாக்கினார்கள். கட்டடக்காரர்களுக்குச் சுவரின் கவலை. வைத்தியருக்குப் பிள்ளைகளின் கவலை. முதலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நியமிக்கப்பட்டவர் அந்தக் கட்டடக் காவலாளியின் மகள். இல்லத்தின் விதிகளில் ஒன்று, தாய்மார் வாரத்துக்கு ஒரு தடவையாவது வந்து பொறுப்பாளரோடு பிள்ளையைப் பற்றிப் பேசவேண்டும் என்பது. லயத்துப் பிள்ளைகள் போன்றவர்களுக்காகப் பிறந்த படிப்பு அது. இன்று காசுள்ளவர்களின் வாசலில் நிற்கிறது.

அதே 1907இல் இலங்கையில் ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. தோட்டத் தொழிலாளரின் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத் துரையிடம் விட்டது. துரைக்குக் கொழுந்து முக்கியம், படிப்பு எப்படி நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியே நின்றன. 1970களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. இன்று தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போகிறார்கள், ஆசிரியர்களாகிறார்கள், நானும் அப்படி வந்தவள்தான். அந்த முப்பது வருஷப் பின்னடைவை இன்னும் துரத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். ஐந்து வயதுக்கு முந்திய காலத்திலும் இன்னொரு முப்பது வருஷத்தை இழந்துவிடக்கூடாது.

சரி, இன்று யார் பொறுப்பு? மடுவக் கட்டடம் தோட்டத்துக்குச் சொந்தம். மடுவத்தின் தரத்தையும் பயிற்சியையும் பார்ப்பது நாம் "டிரஸ்ட்" என்கிற பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். முன்பள்ளி மாகாண சபையின் விஷயம். நிறை எடுப்பதும் ஊசி போடுவதும் சுகாதாரப் பகுதி, குடும்பநல உத்தியோகத்தர். ஐந்து வயதானதும் கல்வித் திணைக்களம். ஒரே பிள்ளைக்கு இத்தனை பொறுப்பாளிகள். கூரை ஒழுகினால் ஒருவர் மற்றவரைக் காட்டுவார். இவர்களை ஒரே மேசையில் உட்காரவைக்கிற ஆள்தான் தலைவர். அந்த ஆள் வானத்திலிருந்து வரமாட்டார்.

இங்கே ஒரு கேள்வி எழும். "டீச்சர், சங்கத்தின் வேலை சம்பளம் பேசுவதுதானே? நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவுக்கு எத்தனை வருஷம் போராடினோம், 2021இல்தான் கிடைத்தது. இதில் மடுவம் எங்கே வருகிறது?"

மடுவம் சம்பளத்துக்குள்ளேயே இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய்க்கு அன்றைக்குப் பேர் இல்லை. மடுவத்தில் பிள்ளை சரியாகச் சாப்பிடுமா என்று மனம் அடித்துக்கொள்ளும்போது, கொழுந்து கிலோ குறைகிறது. மடுவம் நம்பிக்கையாக இல்லாததால் மூத்த பெண்பிள்ளையைப் பாடசாலைக்கு விடாமல் தம்பியைப் பார்க்க வீட்டில் வைக்கிறோம். அந்தப் பிள்ளையின் படிப்பு அங்கேயே அறுந்துபோகிறது. பிறகு அது எங்கே வருகிறது? இங்கே, கொழும்புக்கு, வீட்டு வேலைக்கு. உங்களில் சிலர் அந்தப் பாதையில் வந்தவர்கள் என்பதால் இதை விளக்கத் தேவையில்லை.

இது யாருடைய தர்மமும் அல்ல, சட்டம். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் அதற்கு வந்த திருத்தங்களும் என்ன சொல்கின்றன? குறித்த தொகைக்கு மேல் பெண்கள் வேலை செய்தால், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு வேலைகொடுப்பவர் காப்பகம் நடத்தவேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்க்குப் பாலூட்ட ஒன்பது மணி நேரத்துக்குள் இரண்டு இடைவேளை உண்டு. காப்பகம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணிக்குக் குறையக்கூடாது. இல்லையென்றால் ஒவ்வொன்றும் ஒரு மணி. 2018இலிருந்து எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் பிரசவ லீவு. "மூன்றாவது பிள்ளைக்கு அவ்வளவு கிடையாது" என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. மலையிலிருந்து மடுவத்துக்கு நடந்து போய் வரவே அரை மணி ஆகிறது என்றால், மடுவம் எங்கே இருக்கவேண்டும் என்பதும் சங்கம் பேசவேண்டிய விஷயம்தான்.

1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனபோதுதான் டிரஸ்ட்டும் வந்தது. அதில் அரசும் கம்பனிகளும் மட்டுமல்ல, தொழிற்சங்கங்களும் உட்கார்ந்திருக்கின்றன. இதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? நமக்கு அங்கே நாற்காலி இருக்கிறது. அந்த நாற்காலியில் இருக்கிறவர் மடுவத்தைப் பற்றி என்ன பேசினார், என்ன பதில் வந்தது என்று சந்தா கட்டுகிற அங்கத்தவர் கேட்கலாம், கேட்கவேண்டும். 2015இல் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்திக்காக உலக வங்கி இலங்கைக்கு ஐந்து கோடி டொலர் கடனாக ஒதுக்கியது. அதில் தோட்டத்து மடுவங்களும் சேர்ந்திருந்தன. புதுக் கட்டடங்கள் வந்தன, பழையவை திருத்தப்பட்டன. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டினார்கள், மாலை போட்டார்கள், பளிங்குக் கல்லில் பெயர் பொறித்தார்கள். ரிப்பன் வெட்டிய கை அடுத்த மாதம் வந்து கதவைத் திறக்காது. தினமும் திறக்கிறவர் அந்த உத்தியோகத்தர்தான்.

ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அங்கே மடுவத்தில் ஒரே பெண். கைக்குழந்தை முதல் நாலரை வயதுவரை எல்லோரும் அவரிடம். ஒரு கையில் பால் போத்தல், மறு கையில் கஞ்சிக் கோப்பை. கதை சொல்ல எங்கே நேரம்? பிள்ளைகளை ஒரு நாளில் இரண்டு தடவை தூங்கவைத்தார். தாய்மார் அவரைத் திட்டினார்கள். பிறகு மாதர் சங்கத்துப் பெண்கள் நாலு பேர் ஒரு முறை உள்ளே போய் உட்கார்ந்து முழு நாளும் பார்த்தார்கள். திட்டு நின்றது. உதவியாள் ஒருவர் வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டார்கள். "பிள்ளைத் தொகை போதாது" என்று பதில் வந்தது. ஒரு மாதம் நாட்காட்டியின் பின்பக்கத்தில் தினமும் பிள்ளைகளின் எண்ணிக்கையை அவர்களே எழுதினார்கள், கைக்குழந்தைகளைத் தனியாக எழுதினார்கள். அந்தத் தாளோடு திரும்பப் போனார்கள். மூன்று மாதம் இழுபட்டு உதவியாள் வந்தார், அதுவும் அரை நாளுக்கு. முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த அரை நாளில் இப்போது பாட்டு இருக்கிறது, கதை இருக்கிறது, கல்லும் விதையும் வைத்து எண்ணுகிறார்கள். யாரும் அவர்களைத் தலைவர்களாகத் தெரிவு செய்யவில்லை. தலைவர்கள் செய்கிற வேலையை அவர்கள் செய்தார்கள்.

இத்தாலியில் ரெஜியோ எமிலியா என்ற ஊர்ப்பக்கம் வில்லா செல்லா என்று ஒரு கிராமம். 1945இல் யுத்தம் முடிந்த சில நாட்களில், ஜேர்மன் படை விட்டுப்போன ஒரு யுத்த டாங்கியையும் சில லொறிகளையும் குதிரைகளையும் விற்றுக் கொஞ்சம் காசு கிடைத்தது. அதை என்ன செய்வது என்று ஊர் கூடியது. பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டுவோம் என்று முடிவெடுத்தார்கள். குண்டு விழுந்த வீடுகளின் செங்கலைப் பெண்கள் பொறுக்கிச் சுத்தம் செய்து கொடுக்க, விவசாயிகளும் தொழிலாளரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டினார்கள். செய்தி கேட்டு சைக்கிளில் பார்க்கப் போன இளம் ஆசிரியர் லோரிஸ் மாலகுட்ஸி தன் வாழ்நாள் முழுவதையும் அந்த வேலைக்கே கொடுத்தார். இன்று உலகெங்குமிருந்து கல்விமான்கள் அந்த ஊர்ப் பள்ளிகளைப் பார்த்துப் படிக்கப் போகிறார்கள். பின்னாளில் நகரசபை பொறுப்பேற்றது. பெற்றோர் நாங்கள் கட்டினோம் என்று அரசை விட்டுவிடவில்லை. கட்டியும் காட்டினார்கள், கேட்டும் வாங்கினார்கள்.

இனி நாம் செய்யவேண்டியவை. ஐந்து காரியம் சொல்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு தோட்டக் கமிட்டிக் கூட்டத்திலும் மடுவம் ஒரு நிரந்தர விஷயமாக இருக்கட்டும். கேட்கவேண்டிய கேள்விகள் இலகுவானவை. எத்தனை பிள்ளைகள், எத்தனை பேர் பார்க்கிறார்கள்? தண்ணீரும் கழிப்பறையும் இருக்கிறதா? என்ன சாப்பிட்டார்கள்? இந்த மாதம் நிறை எடுத்தார்களா, யார் குறைந்திருக்கிறார்கள்? ஒரு நாளில் எவ்வளவு நேரம் பிள்ளைகளோடு பேசினார்கள், விளையாடினார்கள்?

இரண்டாவது, மடுவப் பெண்ணை நாம் மதிக்கவேண்டும். அவருக்குப் பயிற்சி வேண்டும், தகுதிக்கேற்ற சம்பளம் வேண்டும். வேறு வேலைக்கு இழுக்கக்கூடாது. அந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது தலைவரின் சொந்தக்காரி, கணக்கப்பிள்ளைக்குத் தெரிந்தவர் என்ற சிபாரிசு வேண்டாம். நம் சங்கத் தலைவர்கள் இந்த விஷயத்தில் முதலில் கையைக் கட்டிக்கொள்ளட்டும். பிள்ளைகளோடு பொறுமையாக இருக்கத் தெரிந்தவர், படிக்க ஆசையுள்ளவர் வரட்டும்.

மூன்றாவது, முதலாம் ஆண்டு ஆசிரியரும் மடுவப் பெண்ணும் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது சந்திக்கவேண்டும். எந்தப் பிள்ளைக்குக் காது மந்தம், எந்தப் பிள்ளை தாய் வெளிநாடு போனதிலிருந்து பேசாமல் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அது ஆசிரியருக்குத் தெரிய ஒரு வருஷம் ஆகிறது. எங்கள் பாடசாலையில் இதைத் தொடங்கியிருக்கிறோம். செலவு ஒரு பிளேன்டீ மட்டும்தான்.

நான்காவது, "தாய்க்குச் செக்ரோலில் பேர் இல்லை" என்று எந்தப் பிள்ளையையும் வாசலில் நிறுத்த விடக்கூடாது. இப்போது பல தோட்டங்களில் தேயிலைக் காணியைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கும் முறை வருகிறது. செக்ரோலில் பெயர் குறையக் குறைய, மடுவம் நடத்தும் கடமையும் குறைந்துவிட்டது என்று சொல்ல வழி பிறக்கும். புதிய ஒப்பந்தம் எதிலும் கையெழுத்து வைக்கும் முன் மடுவம் என்னவாகும் என்று எழுத்தில் கேளுங்கள். கொழும்பில் இருக்கிற உங்களில் பலரின் பிள்ளைகள் பாட்டியோடு லயத்தில் இருக்கிறார்கள். முதலில் அடிபடப்போவது அந்தப் பிள்ளைகள்தான்.

ஐந்தாவது, கொழும்பிலுள்ள உங்களுக்கு. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது பிள்ளைக்குச் சட்டை வாங்குவீர்கள். அதோடு ஒரு தமிழ்ப் படக் கதைப் புத்தகமும் வாங்கி, உங்கள் டிவிசன் மடுவத்தில் கொடுங்கள். பெயர் எழுதவேண்டாம், போட்டோ வேண்டாம். கொடுத்துவிட்டு அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்து பாருங்கள். பார்த்ததைத் தோட்டத் தலைவரிடமும் மாதர் சங்கத் தலைவியிடமும் சொல்லிவிட்டு பஸ் ஏறுங்கள். டெலிபோனில் "பிள்ளை சாப்பிட்டதா?" என்று கேட்கிறீர்கள். இனிமேல் "இன்றைக்கு மடுவத்தில் என்ன கதை சொன்னாங்க?" என்றும் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அதுவும் ஒரு பதில்தான். அதையும் சங்கத்துக்குச் சொல்லுங்கள்.

1930களில் நடேசையர் தோட்டத்துக்குள் சங்கம் கட்டியபோது, அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடித் தொழிலாளரை எழுப்பினார். கூட்டம் போடவே தடையிருந்த காலம் அது. அந்தத் தடைகளைத் தாண்டிவிட்டோம். ஓட்டு வாங்கினோம், பாடசாலை வாங்கினோம், சம்பளத்துக்கு இன்னும் போராடுகிறோம். அந்தக் கோரிக்கைப் பட்டியலில் மடுவத்தையும் சேருங்கள், கடைசி வரியாக அல்ல.

அடுத்த மாதம் உங்கள் தோட்டங்களில் கமிட்டிக் கூட்டம் நடக்கும். இங்கே இருக்கிற ஒவ்வொருவரும் இன்றிரவே வீட்டுக்கு ஒரு கோல் எடுத்து, அந்த ஐந்து கேள்விகளையும் யார் எழுந்து கேட்பது என்று தீர்மானித்துவிடுங்கள். எழுந்து கேட்கிற அந்த அம்மாதான் மடுவத்துக்குத் தலைவர்.